‘ஹியர் டுடே, கான் டுமாரோ’ என்று பிரிவு அட்டையில் எழுதலாமா?

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். லண்டன், நியூ ஜெர்சி வாடிக்கையாளர்களுக்கு நாள் முழுக்க மின்னஞ்சல் எழுத வேண்டும். மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்திருந்த ஆங்கிலேயர் ஒருவர் போன வாரம் விடைபெற்றார். அவருடைய பிரிவு அட்டையில் ‘ஹியர் டுடே, கான் டுமாரோ’ என்று எழுதினேன். இன்று இருப்பவர் நாளை இருக்க மாட்டாரே என்ற வருத்தத்தில் எழுதியதுதான். படித்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. அதே வாரம், ‘ஐ ஆம் அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்ற என் தானியங்கிப் பதிலைப் பார்த்த வாடிக்கையாளர் ஒருவர் ‘எந்த ஸ்டேஷன்?’ என்று கேட்டார். ‘தி எர்ரர் இஸ் வானிஷ்ட்’ என்று நான் எழுதியதை மேலாளர் அடித்துவிட்டார். ‘மொமென்டரிலி’ என்ற சொல்லையும் பயன்படுத்தாதே என்கிறார். நான் எங்கே தவறுகிறேன்? – வாசகி, கோவை.

பதில்: அட்டையிலிருந்து தொடங்குகிறேன். மற்ற மூன்று சறுக்கல்களும் அதே சரிவில் நடந்தவைதான்.

நிலையாமைக்கென்று தனி அதிகாரமே வகுத்த மரபு நம்முடையது. ‘நேத்து இருந்தார், இன்னிக்கு இல்ல’ என்று துக்க வீட்டுத் திண்ணையில் சொல்லும்போது அதில் யார் மேலும் குறை இல்லை. ‘ஹியர் டுடே, கான் டுமாரோ’ சொல்லுக்குச் சொல் அதே மாதிரிதான் தெரிகிறது. ஆனால் ஆங்கிலேயர் அதைப் பெரும்பாலும் மோஸ்தர், பணம், திடீர்ப் புகழ், ஆறு மாதத்தில் ஷட்டரை இறக்கிவிடும் கடை ஆகியவற்றைப் பற்றித்தான் சொல்வார்கள். நம்பி இறங்க முடியாதது என்ற இளக்காரம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே அதைச் சொன்னால், ‘வந்தாய், போனாய், இங்கே ஒட்டவே இல்லை’ என்றுதான் காதில் விழும்.

நீங்கள் எழுத நினைத்தது, ‘இட் வாஸ் லவ்லி ஹேவிங் யூ ஹியர், ஈவன் ஃபார் சச் எ ஷார்ட் டைம்’. இன்னும் எளிதாக வேண்டுமென்றால் ‘சாரி டு சீ யூ கோ’. இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. ‘அட்டையில் நான் எழுதியது தவறான தொடர்; மூன்று மாதம் இவ்வளவு சீக்கிரம் ஓடிவிட்டதே என்பதைத்தான் சொல்ல வந்தேன்’ என்று அவருக்கு இரண்டு வரி அனுப்புங்கள். தன் மொழியில் பிறர் தடுக்கி விழுந்ததை யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள்.

சிறிது காலம் இருப்பதையும் பிறகு இல்லாமல் போவதையும் சொல்லும் எந்த ஆங்கிலத் தொடரை எடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். போனது திரும்பி வருமா? எங்கே இருக்கிறது என்று தெரியுமா? சொல்பவர் அதை வருத்தமாகப் பார்க்கிறாரா, ஏளனமாகவா, சந்தேகமாகவா? தமிழில் முதல் கேள்விக்கான பதில் வினையிலேயே இருக்கிறது. ‘போறேன்’ என்றால் வீட்டுப் பெரியவர்கள் ‘போயிட்டு வர்றேன்னு சொல்லு’ என்று அதட்டுவார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பதில் அவுட், அவே, ஆஃப், பேக் போன்ற சின்னச் சொற்களுக்குள்ளும் காலம் காட்டும் உருவங்களுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. நாம் வினையை மொழிபெயர்த்துவிட்டு அந்தச் சின்னச் சொல்லைக் கோட்டைவிடுகிறோம்.

‘ஐ வில் கோ அண்ட் கம்’ அப்படி வந்ததுதான். நம்மவர்களுக்குப் புரியும், லண்டனில் திகைப்பார்கள். அதைவிட வேடிக்கையானது, இருக்கையை விட்டு எழும்போது ‘இதோ வர்றேன்’ என்பதை ‘ஐ ஆம் கமிங்’ என்று சொல்வது. கேட்பவருக்கு நீங்கள் அவரை நோக்கி வருவதாகப் பொருள். நீங்களோ எதிர்த்திசையில் போய்க்கொண்டிருப்பீர்கள். இரண்டு நிமிட வேலைக்கு ‘பேக் இன் எ மினிட்’, அரட்டைப் பெட்டியில் ‘பி ரைட் பேக்’, கொஞ்சம் நேரமாகுமென்றால் ‘ஐ வோன்ட் பி லாங்’.

அலுவலகத்தில் ஒருவர் இல்லை என்பதைச் சொல்லும் சொற்களுக்கு அளவு உண்டு. ‘ஷி இஸ் அவே ஃப்ரம் ஹர் டெஸ்க்’ என்றால் நிமிடக் கணக்கு, கட்டடத்துக்குள்தான் இருக்கிறார். ‘ஷி இஸ் அவுட்’ என்றால் வெளியே போயிருக்கிறார். பெரும்பாலும் இன்றே திரும்புவார். டெஸ்க் என்ற சொல் இல்லாமல் ‘ஷி இஸ் அவே’ என்றால் நாள் கணக்கு, வேறு ஊர். ‘ஷி இஸ் ஆஃப் டுடே’ என்றால் இன்று வேலைநாள் இல்லை, அல்லது உடம்பு சரியில்லை. ‘ஆன் லீவ்’ என்பது ஒப்புதல் பெற்ற விடுப்பு. இங்கே ‘ஆன்’ கட்டாயம். ‘அவர் லீவ்’ என்று தமிழில் சொல்கிற பழக்கத்தில் ‘ஹி இஸ் லீவ் டுடே’ என்று எழுதுவது நம் அலுவலகங்களில் சர்வசாதாரணம். ‘ஆப்சென்ட்’ வகுப்பறைக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய சொல். வாடிக்கையாளரிடம் சக ஊழியரைப் பற்றி அப்படிச் சொன்னால், வரவேண்டியவர் வரவில்லை என்று நீங்களே புகார் சொல்வது போலிருக்கும். மாலை வீட்டுக்குக் கிளம்பியவரை ‘ஷி இஸ் கான்’ என்றும் சொல்ல வேண்டாம்; ‘ஷி ஹேஸ் லெஃப்ட் ஃபார் தி டே’ போதும்.

‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ தவறான ஆங்கிலம் இல்லை, பழைய இந்திய ஆங்கிலம். அதிகாரி பணியமர்த்தப்பட்ட ஊர்தான் அன்றைய ‘ஸ்டேஷன்’. ‘ஹில் ஸ்டேஷன்’ என்பதிலும் அதே பொருள்தான். அரசு அலுவலகங்களில் ஊரைவிட்டு வெளியே போக அனுமதி கேட்கும் வழக்கத்தோடு அந்தச் சொல் இங்கே தங்கிவிட்டது. இந்தியாவுக்குள் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வெளியூர்க்காரர்களுக்கு ‘அவுட் ஆஃப் டவுன்’. வேலை சம்பந்தமான பதிலென்றால் ‘அவுட் ஆஃப் தி ஆஃபீஸ்’.

‘கான்’, ‘பீன்’ வேறுபாடு பள்ளியில் படித்ததுதான், அவசரத்தில் நழுவும். ‘ஷி ஹேஸ் கான் டு சிங்கப்பூர்’ என்றால் இப்போது அங்கே இருக்கிறார், அல்லது போய்க்கொண்டிருக்கிறார். ‘ஷி ஹேஸ் பீன் டு சிங்கப்பூர்’ என்றால் போய்த் திரும்பிவிட்டார். ‘டு’ போய் ‘இன்’ வந்து, ‘ஷி ஹேஸ் பீன் இன் சிங்கப்பூர் ஃபார் எ வீக்’ என்றானால், ஒரு வாரமாக அங்கேதான் இருக்கிறார். ‘ஐ ஹேவ் கான் டு லண்டன் ட்வைஸ்’ என்று எழுதாதீர்கள். லண்டனுக்குப் போனவர் இங்கே உட்கார்ந்து எப்படி எழுத முடியும்?

ஆபத்தான இடம் ஒன்று உண்டு. தமிழில் ‘மறைந்தார்’ என்றால் இறந்தார். ‘டிசப்பியர்ட்’ என்றால் இறந்தார் ஆகாது. எங்கே போனார் என்று தெரியவில்லை என்றாகும். ‘மறைந்த நிறுவனர்’ என்பதை அகராதி பார்த்து ‘டிசப்பியர்ட் ஃபவுண்டர்’ என்று எழுதினால், அவர் பணத்தோடு ஓடிவிட்டார் என்று வாசகர் நினைக்கலாம். ‘தி லேட் ஃபவுண்டர்’ என்பதே சரி. நேர்மாறான பள்ளம் ‘ஷி இஸ் நோ லாங்கர் வித் அஸ்’. வேலையை விட்டுப் போனவரைச் சொல்வதாக நினைத்து எழுதுவோம். படிப்பவர் இரங்கல் செய்தி அனுப்புவார். ‘ஷி ஹேஸ் லெஃப்ட் தி கம்பெனி’ என்றால் குழப்பம் இல்லை. ‘பாஸ்’ என்ற வினையும் இப்படித்தான் பின்னால் வருவதைப் பொறுத்து மாறும். ‘பாஸ்ட் அவே’ இறப்பு. ‘பாஸ்ட் த்ரூ’ ஊரின் வழியே கடந்து போனது. ‘பாஸ்ட் அவுட்’ வெளிநாட்டவருக்கு மயங்கி விழுந்தது. ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2019’ என்று தன்விவரக் குறிப்பில் போட்டால், நீங்கள் அந்த ஆண்டு பட்டம் பெற்றது இந்தியருக்கு மட்டும்தான் தெரியும். ‘கிராஜுவேட்டட்’ என்று போடுங்கள்.

பொருள் காணாமல் போவதில் நம்மைக் கவிழ்ப்பது தமிழுக்குள் வந்துவிட்ட ‘மிஸ்’. ‘பர்ஸ் மிஸ் ஆயிடுச்சு’ என்று பேசிப் பழகிய வாய் ‘ஐ மிஸ்ட் மை பர்ஸ்’ என்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு, பர்ஸ் இல்லாமல் ஏங்கினேன் என்ற பொருள்தான் முதலில் வரும். ‘மை பர்ஸ் இஸ் மிஸ்ட்’ எதுவும் ஆகாது. நானே எங்கோ விட்டுவிட்டேன் என்றால் ‘ஐ லாஸ்ட் மை பர்ஸ்’. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, காரணம் தெரியாது என்றால் ‘மை பர்ஸ் இஸ் மிஸ்ஸிங்’. எடுத்துவிட்டார்கள் என்பது உறுதியானால் ‘இட் வாஸ் ஸ்டோலன்’. காவல் நிலையத்திலும் காப்பீட்டுப் படிவத்திலும் இந்த மூன்றும் மூன்று வேறு வழக்குகள். எதை எழுதுகிறீர்களோ அதற்கான கேள்விகள்தான் உங்களிடம் வரும்.

இனி உங்கள் ‘எர்ரர் இஸ் வானிஷ்ட்’. வானிஷ், டிசப்பியர் இரண்டும் தன்வினைகள், தானே மறைவது. யாரோ மறைத்ததாகச் செயப்பாட்டில் எழுத முடியாது. ‘தி எர்ரர் ஹேஸ் டிசப்பியர்ட்’ என்றால் இலக்கணம் சரியாகிவிடும். ‘இட் காட் டிசப்பியர்ட்’ அதே தவறின் தம்பி.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. நகைச்சுவையாகக்கூட அதைத் தொடாதீர்கள். ‘ஹி வாஸ் டிசப்பியர்ட்’ என்றால், அவரைப் பிடித்துச் சென்று, பிடித்ததையே மறுத்துவிட்டார்கள் என்று பொருள். 1976 முதல் 1983 வரை அர்ஜென்டினாவில் நடந்த ராணுவ ஆட்சியின் கொடுமைகளுக்குப் பிறகு இந்த வழக்கு உலகெங்கும் பரவியது. இதைக் குறிக்கும் தமிழ்ச்சொல் நம் கண்முன்னே உருவானது. இலங்கையில் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் ‘காணாமல் போனோர்’ என்ற சொல்லை ஏற்கவில்லை. ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்கிறார்கள். தன்வினையிலிருந்து செயப்பாட்டுக்கு மாறும்போது பொறுப்பு யார் மேல் விழுகிறது என்பதை அந்த ஒரு சொல் காட்டுகிறது. அந்தக் கனமுள்ள அமைப்பை ஒரு கோப்பு அழிந்ததற்குச் செலவிட வேண்டியதில்லை.

உங்கள் மேலாளர் இலக்கணத்துக்காக மட்டும் அடித்திருக்க மாட்டார். வாடிக்கையாளருக்கு எழுதும்போது ‘டிசப்பியர்ட்’ என்றால், பிழை தானாகப் போய்விட்டது, ஏன் என்று எங்களுக்கும் தெரியாது என்று ஒப்புக்கொள்வதாகும். சரிசெய்தீர்கள் என்றால் ‘வி ஹேவ் ஃபிக்ஸ்ட் இட்’ என்று எழுதுங்கள். முயன்று பார்த்தும் பிழை மறுபடி வரவில்லை என்றால் ‘வி கேன் நோ லாங்கர் ரீப்ரொட்யூஸ் இட்’. வருவதும் போவதுமாக இருந்தால் ‘இன்டர்மிட்டென்ட்’. ஒரு முறை வந்து, மறுமுயற்சியில் தானே சரியாகும் வகை என்றால் ‘டிரான்சியென்ட்’. கடைசி இரண்டையும் ஒன்றென நினைத்தால் தலைவலி: டிரான்சியென்ட் என்று படித்த வாடிக்கையாளர் இனி வராது என்று நிம்மதியாக இருப்பார், மறுநாள் மறுபடி வரும்.

இந்த நுணுக்கத்தை நீங்கள் தினமும் எண்களாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். இணையப் பக்கத்தைக் கேட்கும்போது சர்வர் பதிலாக அனுப்பும் நிலை எண்களில் 404 என்றால் கிடைக்கவில்லை என்பது மட்டும்தான். தற்காலிகமா நிரந்தரமா என்று அது சொல்வதில்லை. 410-இன் பெயரே ‘கான்’. நிரந்தரமாக எடுத்துவிட்டோம், இனித் தேடாதே. 503 என்றால் இப்போதைக்கு இயலவில்லை, பிறகு வா. எவ்வளவு நேரம் கழித்து என்று சொல்ல ‘ரீட்ரை ஆஃப்டர்’ என்ற தலைப்புவரியும் உண்டு. 301 நிரந்தர இடமாற்றம், 307 தற்காலிகம். ‘திரும்பி வருமா?’ என்ற கேள்விக்கு இவ்வளவு துல்லியமாகப் பதில் சொல்கிற அகராதி வேறு இல்லை.

‘போய்விட்டது’ என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போடாமலிருக்க ஒரு வழி, தமிழ் வினையை உற்றுப் பார்ப்பது. நாம் காய்ச்சல் ‘விட்டது’ என்கிறோம், வீக்கம் ‘வடிந்தது’, சத்தம் ‘அடங்கியது’, மயக்கம் ‘தெளிந்தது’, பனி ‘விலகியது’ என்கிறோம். இவற்றை மாற்றிப் போட்டால் நமக்கே சிரிப்பு வரும். ஆங்கிலத்திலும் அப்படித்தான். காய்ச்சல் விட்டால் ‘தி ஃபீவர் ஹேஸ் கான்’. கொதித்துக்கொண்டிருந்தது சட்டென இறங்கியதென்றால் ‘ஹேஸ் புரோக்கன்’. வீக்கம் ‘கோஸ் டவுன்’. வெள்ளம் வடிந்தால் ‘ரிசீட்ஸ்’. சத்தம் ‘டைஸ் டவுன்’. மயக்க மருந்தின் வேகம் ‘வேர்ஸ் ஆஃப்’, ஆனால் மயக்கம் தெளிந்த ஆள் ‘கம்ஸ் ரவுண்ட்’. பனி ‘லிஃப்ட்ஸ்’. தோல் தடிப்பு ‘கிளியர்ஸ் அப்’. சட்டைக் கறை ‘கம்ஸ் அவுட்’, சாயம் ‘ஃபேட்ஸ்’. ஊர்வம்பு, சர்ச்சை எல்லாம் புயல் போல ‘புளோஸ் ஓவர்’. தொடங்கியபோது இருந்த உற்சாகம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றினால் ‘பீட்டர்ஸ் அவுட்’. சூத்திரம் எதுவும் இல்லை. பெயரையும் வினையையும் சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும்.

இருப்பைச் சொல்வதிலும் ‘தற்காலிகம்’ என்ற ஒரே சொல்லில் நாம் அடக்குவதை ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கிறது. பல்கலைக்கழகம் முதலில் தருவது ‘புரொவிஷனல் சர்டிஃபிகேட்’. பின்னால் அசல் வரும், அதுவரை இது செல்லும். அதை ‘டெம்பரரி’ என்றால், சான்றிதழே சில மாதத்தில் காலாவதியாகும் போலத் தோன்றும். நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு ‘இன்டரிம்’: இரண்டு நிலைகளுக்கு நடுவே உள்ளது. பொறுப்புத் தலைமை நீதிபதி ‘ஆக்டிங்’: பதவி வேறொருவருடையது அல்லது காலி, வேலையை மட்டும் இவர் பார்க்கிறார். ‘ஃப்ளீட்டிங்’ பார்வைக்கும் புன்னகைக்கும், முகவரிக்கு ஆகாது. ‘எஃபெமரல்’ ஒரு நாள் வாழ்வது என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இறக்கை முளைத்த சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மடியும் மேஃபிளைப் பூச்சிகளுக்கு உயிரியல் வகைப்பாட்டிலுள்ள வரிசைப் பெயரும் அதே வேரிலிருந்துதான். அழகான சொல், ஆனால் மின்னஞ்சலில் ‘எஃபெமரல் டிலே’ என்று எழுதினால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மாவரைப்பது போலிருக்கும். ‘ஷார்ட்’ போதும்.

‘மொமென்டரிலி’ விஷயத்தில் உங்கள் மேலாளர் பக்கம்தான் நான். பிரிட்டனில் அது ‘ஒரு கணம் மட்டும்’. அமெரிக்காவில் ‘இன்னும் ஒரு கணத்தில்’ என்றும் பொருள். ‘வி வில் பி லேண்டிங் மொமென்டரிலி’ என்ற விமான அறிவிப்பைக் கேட்டு, ‘ஒரு கணம் இறங்கிவிட்டு மறுபடி பறந்துவிடுவீர்களா?’ என்பது ஆங்கிலேயரின் பழைய கிண்டல். உங்களுக்கு இரு கரையிலும் வாடிக்கையாளர்கள். ‘இன் எ மொமென்ட்’, ‘ஃபார் எ மொமென்ட்’ என்று பிரித்து எழுதிவிட்டால் இருவருக்கும் ஒரே பொருள். ‘பிரசென்ட்லி’யும் இதே சிக்கல் உள்ளது: சிலருக்கு ‘இப்போது’, சிலருக்கு ‘சற்று நேரத்தில்’. ‘கரன்ட்லி’, ‘சூன்’ என்று போங்கள்.

இன்னொரு பிரிவு அட்டை வருவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டிய மரபுத்தொடர்கள் சில. ‘ஃப்ளாஷ் இன் தி பேன்’ என்பதிலுள்ள பேன் வாணலி இல்லை. பழைய சிக்கிமுக்கித் துப்பாக்கியின் பக்கவாட்டில் தூண்டு மருந்து வைக்கும் சின்னக் கிண்ணம் அது. கல் உரசிப் பொறி விழுந்து கிண்ணத்து மருந்து பற்றும். அந்தத் தீ ஒரு துளை வழியே உள்ளே போய்க் குழலிலுள்ள மருந்தைப் பற்றவைக்க வேண்டும். துளை அடைத்திருந்தாலோ மருந்து நமுத்திருந்தாலோ வெளியே பளிச்சென்று எரியும், குண்டு கிளம்பாது. ஆகவே முதல் ஆட்டத்தில் சதமடித்துப் பிறகு தலையே காட்டாத ஆட்டக்காரருக்கு இது பொருந்தும். மூன்று மாத வேலையை முழுதாக முடித்துவிட்டுப் போனவருக்குப் பொருந்தாது. அவர் குண்டு சரியாகவே வெடித்தது.

‘ஃப்ளை பை நைட்’ இரவு விமானம் இல்லை. கடன்காரருக்கு அஞ்சி ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்பவரிடமிருந்து வந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு மறையக்கூடிய நிறுவனத்தைச் சொல்வது. எழுத்தில் ஒரு நிறுவனத்தின் பெயரோடு சேர்த்தால் அவதூறு வழக்கு வரை போகும். ‘வானிஷ்ட் இன்டு தின் ஏர்’ மர்மத்துக்கும் சந்தேகத்துக்கும். சொல்லிவிட்டு விடுப்பில் போனவருக்கு இல்லை. ‘நைன் டேஸ் ஒன்டர்’ ஊரே சில நாள் வாய்பிளந்து பிறகு மறந்த செய்தி. உடைமையைக் காட்டும் ‘அப்பாஸ்ட்ரஃபி’ குறி ‘டேஸ்’ என்பதன் எஸ் எழுத்துக்குப் பின்னால் வர வேண்டும், முன்னால் வந்தால் தவறு. ‘ஷிப்ஸ் தட் பாஸ் இன் தி நைட்’ மட்டும்தான் இவற்றில் மென்மையானது. லாங்ஃபெல்லோவின் கவிதை வரியிலிருந்து வந்தது. ஒருமுறை சந்தித்து மறுபடி சந்திக்காதவர்களைச் சொல்வது. இரவுப் பணியும் பகல் பணியுமாக வீட்டில் முகம் பார்க்காத தம்பதியையும் இன்று அப்படிச் சொல்கிறார்கள். அட்டையில் எழுதலாம்தான், ஆனால் இனி சந்திக்க மாட்டோம் என்று நீங்களே முடிவு கட்டியது போலாகும்.

உங்கள் தானியங்கிப் பதிலை இப்படி மாற்றுங்கள்: ‘ஐ ஆம் அவுட் ஆஃப் தி ஆஃபீஸ் அண்ட் வில் பி பேக் ஆன் மண்டே, 15 ஜூன். ஃபார் எனிதிங் அர்ஜென்ட், ப்ளீஸ் ரைட் டு’ என்று தொடங்கி, பொறுப்பேற்பவரின் பெயரும் முகவரியும். தேதியும் கிழமையும் உங்களுடையதாக மாற வேண்டும். ‘அன்டில் 14 ஜூன்’ என்று எழுதாதீர்கள். 14 அன்று இருக்கிறீர்களா இல்லையா என்று கேட்டு இரண்டு அஞ்சல் வரும். மாதத்தை எண்ணாகப் போடாமல் எழுத்தில் போடுங்கள், 5/6 என்பது லண்டனில் ஜூன் 5, நியூ ஜெர்சியில் மே 6. திரும்பி வந்த அன்று காலை முதல் வேலையாக அந்தப் பதிலை நிறுத்திவிடுங்கள்.